காந்த அழுக்கு

என்னைப் பெற்ற அத்தாவின் குரல் இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு கேசட்டில். அதை என் வீட்டுக்காரர் கையில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த மனுஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தோல் வியாபாரம். திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் மண்டி. ஒரு ஆட்டுத்தோலைக் கையில் வாங்கினால் புரட்டிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். கொண்டுவந்தவர் கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் வாய்ப்பேச்சு எடுபடாது. "நீ சொல்றதக் கேக்கவா கடையத் தொறந்து வச்சிருக்கேன்? சரக்கக் காட்டு" என்பார். அவர் காதில் பூச்சுற்ற ஊரில் ஆள் கிடையாது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அதே மனுஷர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு ஆம்ப்ளிபையருக்கு முன்னால் உட்கார்ந்தால் போச்சு. அந்த நேரத்தில் அவர் காதில் பூ என்ன, பூந்தோட்டமே வைத்துவிட்டுப் போகலாம். ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் அம்புக்குறி போட்டிருந்தது. அது காட்டுகிற திசையில் மாட்டினால்தான் பாட்டு வழி தெரிந்து வருமாம். வயர் தரையில் பட்டால் சத்தம் மண்ணில் இறங்கிவிடுமாம். அதனால் ஹாலில் சாணுக்கு ஒரு தேக்குக்கட்டை வைத்து, அதன்மேல் வயரைப் பச்சைப்பிள்ளையைப் படுக்கவைப்பது போலப் படுக்கவைத்தார். வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள் நான். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு விரல் தள்ளி வைத்துவிட்டால் அன்றைக்குப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

புது வயர் வந்தால் அது பழக வேண்டும் என்று இரண்டு வாரம் பாட்டை ஓடவிட்டே வைத்திருப்பார். கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, பாட்டு ஓட வேண்டும்.

"ஒயரு புதுசும்மா. பழகணும்ல?"

"நானும் இந்த வீட்டுக்குப் புதுசாத்தான் வந்தேன். என்னயப் பழக விட்டு ரெண்டு வாரம் சும்மா வச்சிருந்தீகளா? மறுநாளே அடுப்படியில விட்டீக."

அவர் வால்யூமைக் கூட்டிக்கொண்டார்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். கொல்லையில் ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, ஆம்ப்ளிபையருக்கென்றே தனியாக எர்த் கம்பி இறக்கினார். குழி ஈரமாக இருந்தால்தான் பேஸ் கனமாக வருமாம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊர் இது. சித்திரை வெயிலில் கறிவேப்பிலைச் செடி காய்ந்து கருகி நிற்கும். பக்கத்திலே அந்தக் குழி மட்டும் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜில்லென்று கிடக்கும்.

இவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. சின்னாளபட்டிக்காரர், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தப் பைத்தியக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுவார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார்கள். செத்த நேரம் கழித்து அவர், "திரை விலகுன மாதிரி இருக்கு சார்" என்பார். இவரும் "ஆமா சார், விலகிருச்சு" என்பார். வயர் மாற்றினால் திரை விலகும். பிளக் மாற்றினால் திரை விலகும். விலகின திரையையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் நாங்கள் ஒரு ஜவுளிக்கடையே திறந்திருக்கலாம்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீட்டைக் கழுவிவிடும்போது அந்த வயர் ஒன்றை இழுத்து அறுத்துவிட்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. கிரைண்டருக்குப் போட்டது போக எலக்ட்ரீஷியன் விட்டுப்போன சாதா வயர் பரணில் கிடந்தது. அதை வெட்டி, அறுந்த வயரின் மேலுறையை உருவி இதன்மேல் மாட்டி, கட்டைமேல் படுக்கவைத்துவிட்டேன். அம்புக்குறி எந்தப் பக்கம் போனது என்றுகூடப் பார்க்கவில்லை. பெருநாளன்றைக்குச் சின்னாளபட்டியார் வந்தார். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார்கள். "இன்னைக்கு என்னமோ தனியாவே இருக்கு சார், ஒயரு நல்லாப் பழகிருச்சு" என்றார். என் வீட்டுக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அன்றைக்கே போட்டு உடைத்திருக்கலாம். சொல்லவில்லை. பாவம், குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா? வயர் வாங்குகிறார், கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷப்படுகிறார். இந்தச் சாமான் எதுவுமே வேலை செய்யாது. வேலையே செய்யாத சாமான் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் நான். அந்தக் கணக்கில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருந்ததில்லை.

போன வருஷம் என் அம்மா தனியாக இருந்த வீட்டைக் காலி செய்து எங்களோடு வந்துவிட்டார். பீரோவை ஒழிக்கும்போது, துணிகளுக்கு அடியில், ஜரிகைத் துண்டில் சுற்றி அந்தக் கேசட் இருந்தது.

அத்தா சவுதியில் லாரி ஓட்டினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடுதாசி வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். புருஷன் எழுதினதை அடுத்த வீட்டுக்காரர் வாயால் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். அதனால் அத்தா கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அப்போது நிறைய வீடுகளில் அப்படித்தான். கேட்டு முடித்த கேசட்டுகளில் நானும் என் அண்ணனும் சினிமாப் பாட்டைப் பதிந்துகொண்டோம். அத்தா இருக்கிறார், இன்னும் எத்தனையோ கேசட் வரும் என்ற தைரியம்தான். பிறகு ஒரு நாள் அவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். போய்ப் பார்க்க ஒரு கபர்கூட எங்களுக்கு இல்லை. மிஞ்சினது ஒரே கேசட். அதிலும் நாங்கள் பாட்டைப் பதிந்துவிடக் கூடாது என்று அம்மா அதன் முதுகில் இருந்த இரண்டு தக்கைகளையும் அரிவாள்மனை நுனியால் உடைத்தெடுத்தார். எங்கள் டேப் ரிக்கார்டர் ரிப்பேராகி அதைக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"மாப்ளட்டத்தான் இம்புட்டு மிஷினு இருக்கே. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லுறியா?" என்று அம்மா கேட்டார். அம்மா என்னிடம் அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டதே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. பழைய கல்யாணக் கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவார். அவர் மகள் என்னிடம் படித்த பிள்ளை. அங்கே கொடுத்தால் சாயங்காலமே வேலை முடிந்துவிடும் என்றேன். என் வீட்டுக்காரர் நான் ஏதோ அத்தாவைக் கூட்டிப்போய் ரோட்டில் நிறுத்தச் சொன்ன மாதிரிப் பார்த்தார்.

"அவன் கடையில என்ன ஒயரு போட்டிருக்கான்னு தெரியுமா? மாமா கொரலும்மா. மூச்சு வாங்குறதுகூடக் கேக்கணும். நான் பாத்துக்கிறேன்."

ஆசையாகத்தான் சொன்னார். அது எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாமேல் அவருக்கு அம்புட்டுப் பிரியம். அதனால் கேசட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கிருந்தோ ஒரு பழைய கேசட் டெக்கை வாங்கி, பெல்ட் மாற்றி, சுத்தம் செய்து, புது வயரைப் பழக விட்டு, ஒரு மாதம் அம்மாவைக் காத்திருக்க வைத்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்து, பெருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எழுபத்தைந்து வயதில் என் அம்மா வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சின்னாளபட்டியார் ஒரு பையோடு வந்தார். உள்ளேயிருந்து இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்தார். கைப்பிடி, வயர், அடியில் வழவழவென்று ஒரு வட்டத் தட்டு. டீமேக்னடைசராம், காந்தத்தை எடுக்குமாம். முதலில் ஒரு சிடியை மேஜையில் வைத்து, சுவிட்சைப் போட்டார். ங்ங்ங் என்று இரைந்தது. திருஷ்டி சுற்றுவது போல அதன்மேல் மூன்று தடவை சுற்றினார்.

"பிளாஸ்டிக் தட்டுல காந்தம் எங்கிட்டிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மேல அச்சடிச்ச மையில இரும்பு இருக்கும் மேடம். காந்த அழுக்கு சேர்ந்துரும்."

சிடியைப் போட்டார்கள். கண்ணை மூடினார்கள். வழக்கம்போலத் திரை விலகியது.

"கேசட்டையும் ஒரு தடவ சுத்தம் பண்ணிருவோம் சார். போடுறதுக்கு முன்னாடி டீமேக்னடைஸ் பண்ணணும்னு எல்லா எடத்துலயும் எழுதிருக்கான். முப்பது வருஷத்து அழுக்குல்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் டீத் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ சிரிப்பை அடக்குவதே பெரிய பாடாக இருந்தது. "சுத்துங்க, சுத்துங்க. அப்படியே எனக்கும் ஒரு சுத்துச் சுத்திவிடுங்க" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். ங்ங்ங் என்று இந்தப் பக்கம் மூன்று சுற்று, திருப்பிப்போட்டு அந்தப் பக்கம் மூன்று சுற்று.

கேசட்டைப் போட்டார். ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக ஒரு இரைச்சல் வந்தது. "ஆரம்பத்துல கொஞ்சம் வெத்தாத்தான் இருக்கும் மாமி" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா தலையை ஆட்டினார். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னாளபட்டியார் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "பின்னணி எம்புட்டு அமைதியா இருக்கு பாத்தீங்களா சார்."

என் வீட்டுக்காரர் எழுந்து ஓட்டிப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். வால்யூமை முழுக்க வைத்தார். வேறு ஒரு சினிமாக் கேசட்டைப் போட்டார். அது கணீரென்று பாடியது. மறுபடி இதைப் போட்டு, ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு முட்டி போட்டார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

டெக்கில் ஏதோ கோளாறு, நாளைக்குச் சரிபண்ணிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தோம். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்ட் கடைக்கு இரண்டு பேரும் கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் தன் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் செல்போனில் அந்த இஸ்திரிப்பெட்டியின் படத்தைக் காட்டினார்.

"அடக் கடவுளே. டீச்சர், இது கேசட்ட அழிக்கிற சாமான். அந்தக் காலத்துல நாங்க பழைய கேசட்ட வெறுசாக்கி மறுபடி பதியறதுக்கு இதத்தான் வச்சிருந்தோம். டெக்குல ஹெட்டுன்னு ஒரு இரும்பு இருக்கும், காந்தத்த எடுக்கச் சொல்றது அதுக்கு. கேசட்டுல காந்தத்த எடுத்தா அப்புறம் என்ன இருக்கும்? பேச்சே அந்தக் காந்தத்துலதான இருக்கு."

"திருப்பி எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். இத்தனை வருஷமாக வீட்டுக்குள் வந்த சாமான்களிலேயே, சொன்னபடி வேலை செய்தது அது ஒன்றுதான்.

கடை வாசலில் நின்று நான் கத்தினேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. "தோல வாங்கும்போது மட்டும் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறீக, எங்கத்தா அதைவிடக் கேவலமா?" என்று கேட்டேன். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். பக்கத்தில் நின்று சுற்றச் சொன்னவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவரே போய் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மழுப்பவில்லை. "மாமி, மாமா கொரல நான் அழிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினார். அம்மா அவர் தலையில் கையை வைத்தார். நான் ஆறுதலுக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "ஒனக்குத்தான் அத்தா பேசுனது அம்புட்டும் மனப்பாடமாச்சேம்மா" என்றேன்.

"வார்த்தையெல்லாம் மனப்பாடந்தான்" என்றார் அம்மா. "சலாம் சொல்றதுல இருந்து, கேசட்டு முடியப்போகுது, ஒடம்பப் பாத்துக்கன்னு சொல்ற வரைக்கும் இப்பக் கேட்டாலும் சொல்லிருவேன். அவுக கொரலுதாம்மா எனக்கு மறந்துபோச்சு. அதுக்குத்தான் கேட்டேன்."