காங்கேசன்துறைக்குக் கொண்டுபோன கைலிகள்

நாங்கள் புறப்பட்டது வியாழக்கிழமை என்று என் நண்பர்களில் இருவர் இன்றும் சாதிக்கிறார்கள். கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், அது வெள்ளிக்கிழமைதான். மாசி மாதம். கீழ்வேளூர் பக்கம் எங்கள் வயலில் சம்பா அறுவடை முடிந்து, அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு இருந்ததால் எனக்கு அனுமதி சுலபமாகக் கிடைத்தது.

நாங்கள் நான்கு பேர். திருவாரூரில் முதுகலை கடைசிப் பருவம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போவதற்கு முன் ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். முதலில் பாங்காக், பிறகு கோலாலம்பூர் என்று பேச்சு மாறியது. கடைசியில் யாழ்ப்பாணம் என்று சொன்னவன் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு மீனவ கிராமத்திலிருந்து வந்து படித்தவன்.

"நம்ம நாகையிலேருந்தே கப்பல் போவுதுடா. காலையில ஏறுனா மத்தியானம் வெளிநாடு" என்றான்.

அவன் அதிகம் பேசமாட்டான். அவனே ஒன்றை முன்வைத்ததால் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். எனக்கு அங்கிருக்கும் கோட்டையைப் பார்க்க ஆசை. டச்சுக்காரர்களைப் பற்றிப் படித்ததையெல்லாம் திரட்டி, எந்த நாள் எங்கே போவது என்று ஒரு திட்டமும் போட்டேன்.

துறைமுகத்தில் சோதனைக்காக அவன் பையைத் திறந்தார்கள். நான்கு புதுக் கைலிகள், இரண்டு துண்டு, சோப்பு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்.

"மூணு நாளைக்கு இவ்வளவு கைலி எதுக்கு தம்பி?" என்று கேட்டார் அதிகாரி.

"கட்டிக்கத்தாங்க."

எங்கள் நால்வரில் வாயாடியான பட்டுக்கோட்டைக்காரன் பின்னாலிருந்து, "அங்க பொண்ணு பாத்துட்டாங்க சார், சீர் கொண்டுபோறான்" என்றான். அதிகாரியும் சிரித்தார். இவன் பையை மூடிக்கொண்டான்.

கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். இவன் மட்டும் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். கடல்காரன், பழக்கம் என்று நினைத்தேன்.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் போனோம். அங்கே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா சமைத்துப் போடுவார். அன்று மாலை கடைத்தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது, மறுநாள் கோட்டைக்குத் தான் வரவில்லை என்றான்.

"ஏன்டா?"

"அண்ணன் இங்கதான் இருக்கான். பாக்கணும்."

"சொல்லவே இல்ல? இங்க என்ன வேலை பாக்குறாரு?" என்றான் பட்டுக்கோட்டைக்காரன்.

"ஜெயில்ல இருக்கான்."

அவன் அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தை மாதத்தில் எல்லை தாண்டி மீன்பிடித்ததாக இலங்கைக் கடற்படை படகோடு எல்லோரையும் பிடித்துவிட்டது. கைலிகளைக் கொடுத்தனுப்பியது அம்மா.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

ஒரு வருடமாக நாங்கள் கனவு கண்ட பயணம் உண்மையில் வேறு ஒரு பயணம் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டுக்கோட்டைக்காரன் தன் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி, "இதையும் சாப்புடு" என்றான்.

சனிக்கிழமை காலை அக்கா புட்டும் சம்பலும் வைத்தார். நான் பேச்சுக்கு, "உங்க வீட்டு அண்ணன் என்ன வேலைங்கக்கா?" என்று கேட்டேன்.

"என்ர மனுசன் கடல் தொழில்தான் தம்பி. மார்கழியில உங்கட பக்கத்து றோலர் வந்து வலை முழுக்க அள்ளிக்கொண்டு போட்டுது. மிதப்புக் கட்டை மட்டும்தான் மிச்சம்." பிறகு அதே குரலில், "இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டோ?" என்றார்.

றோலர் என்று அவர் சொன்னது எங்கள் விசைப்படகைத்தான். அந்தக் குரல் எனக்குப் பழகிய குரல். எங்கள் நிலம் காவிரியின் கடைமடை. மேலே இருப்பவர்கள் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை இழுக்கும் வருடங்களில், நாற்று காய்வதைப் பார்த்தபடி அப்பா இப்படித்தான் பேசுவார், சத்தமே போடாமல். ஆனால் அந்த மேசையில் நாங்கள் கடைமடை இல்லை. நண்பன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

கோட்டைக்கு யாரும் போகவில்லை. நால்வரும் சிறைச்சாலைக்குப் போனோம். வாசலில் இருந்த காவலர் மரியாதையாகவே பேசினார். வெளிநாட்டவர் பார்ப்பதென்றால் இந்தியத் துணைத் தூதரகத்தின் கடிதம் வேண்டும், அது இனி திங்கட்கிழமைதான் திறக்கும் என்றார். துணிமணி மட்டுமென்றால் உள்ளூர் ஆள் ஒருவர் அடையாள அட்டையோடு வந்து கொடுக்கலாம். எங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு.

அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த உள்ளூர் ஆள் அக்கா ஒருவர்தான்.

திரும்பும் வழியில் பட்டுக்கோட்டைக்காரன் சொன்னான்: "அக்காக்கிட்ட, தெரிஞ்சவங்க ஏதோ கேஸ்ல மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லு. கடல்னு வாயத் தெறக்காத."

"அவங்க சோத்தத் தின்னுட்டு எப்படிடா?" என்றான் நண்பன்.

மதியம் சாப்பாட்டு மேசையிலேயே உள்ளதைச் சொல்லி, துணியைச் சிறையில் கொடுக்க வரமுடியுமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டான். அக்கா கையில் கரண்டியோடு நின்றபடி கேட்டார்.

"எப்ப பிடிச்சவை?"

"தை மாசம்க்கா."

"எங்கட வலை போனது மார்கழி. அப்ப உங்கட அண்ணன் போன றோலரா இருக்காது."

அவர் திறந்துவிட்ட வழி அது. மேசைக்கு அடியில் பட்டுக்கோட்டைக்காரன் அவன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. மார்கழியிலயும் அண்ணன் இந்தப் பக்கம் வந்திருக்கான்."

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "அவர் வரட்டும். கேட்டுச் சொல்லுறன்" என்று உள்ளே போனார்.

அவர் கணவர் சாயங்காலம் வந்தார். முற்றத்துக் குழாயில் கால் கழுவினார். மாடிப்படியில் நின்ற எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே பேச்சு தாழ்வாகவே நடந்தது. ஒரு சொல்லும் எங்களுக்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை அக்கா சொன்னார்: "அவர் மாட்டன் எண்டுட்டார் தம்பி. அவரை மீறி நானும் போகேலாது."

"பரவாயில்லக்கா."

"நாளைக்குத் தூதரகக் கந்தோர் திறப்பினம்தானே. நீங்கள் அறையில நில்லுங்கோ. இப்ப வேற ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அவன் தேர்வை விட்டுவிட்டுத் தங்குவது என்று முடிவாயிற்று. பட்டுக்கோட்டைக்காரன் தானும் இருப்பதாகச் சொன்னான்.

"நீ போ. காலேஜ்ல எனக்காக ஒரு பொய் சொல்ல ஆள் வேணும்ல. அதுல நீதான் டாக்டர் பட்டம் வாங்குனவன்" என்றான் இவன். அந்த மூன்று நாளில் அவன் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

நாகையில் இறங்கியபோது அவன் அம்மா துறைமுக வாசலில் நின்றிருந்தார். மகன் வரவில்லை என்று தொலைபேசியில் தெரிந்தும் வந்திருந்தார்.

"தங்கியிருக்குற வீட்டுக்காரங்க எப்படிப்பா?"

"நல்லவங்கம்மா" என்றான் பட்டுக்கோட்டைக்காரன்.

நண்பன் புதன்கிழமை வந்தான். கடிதம் கிடைத்து, அண்ணனைப் பார்த்துவிட்டான். அண்ணன் இளைத்திருந்தாராம். வீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, எங்கே தங்கியிருக்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். இவன் சொல்லியிருக்கிறான், வலை போனது உட்பட.

"சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நான் யாருன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான்கு கைலிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாராம். அந்த வீட்டு அண்ணனுக்குக் கொடு என்று.

"குடுத்தியா?" என்று கேட்டேன்.

"கையில எடுத்துட்டுத்தான் கீழ எறங்குனேன். அவரு முற்றத்துல ஒக்காந்து புது வலைக்கு மிதப்பு கட்டிக்கிட்டிருந்தாரு. போன வலைக்கு இதாடான்னு எனக்கே தோணிச்சு. திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

வைகாசியில் அண்ணனை விட்டார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். சில வாரம் வீட்டில் இருந்தார். ஆனி பிறந்து தடை முடிந்ததும் வேறொரு படகில் மறுபடி கூலிக்குப் போனார். நண்பன்தான் சொன்னான்.

"எந்தப் பக்கம்டா போறாரு?"

"கேக்கலடா" என்றான். "அந்தக் கைலியைத்தான் கட்டிக்கிட்டுப் போனான்."