முப்பதடி தூரத்துத் தோட்டம்

கண்டக்டரம்மாவின் வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். முதல் பஸ் டிப்போவை விட்டுக் கிளம்பும்போது பின்படியில் நின்று விசில் அடிப்பார். மதியம் இரண்டரைக்குத்தான் வீடு. இருபத்திரண்டு வருடமாக இதேதான். அவர் கணவர் தையல்காரர். தெருப்பக்கத்து மாடியறையில் மெஷின், உள்ளறையில் குடித்தனம். பிள்ளைகள் கிடையாது. கீழ்வீட்டில் நான் குடியிருந்தேன். பகல் முழுக்க மெஷின் ஓடும் சத்தம் என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தையல்காரருக்கு ரோஜாப் பைத்தியம். படிக்கட்டில் படிக்கு ஒரு தொட்டியாகப் பதினாலு தொட்டி வைத்திருந்தார். மேலே போகிறவர்களின் உடுப்பை முள் கிழித்தால் அவரே உட்கார்ந்து தைத்தும் கொடுத்துவிடுவார். "நல்ல வியாபார தந்திரம்" என்று நான் கேலி செய்வேன். "இல்லாட்டி இந்தத் தெருவுல யாரு துணி கிழிச்சுக்கிறாங்க?" என்பார்.

ஐம்பத்தோரு வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. கண்டக்டரம்மாவுடையது பொருந்தும் என்று டாக்டர்கள் சொன்னதும் அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எடுத்துக்கட்டும். பஸ்ல நிக்கிறதுக்கு ரெண்டு காலுதானே வேணும்?"

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று மாதத்தில் கண்டக்டரம்மா வேலைக்குத் திரும்பினார். "என் சாமான் உங்ககிட்ட இருக்கு, பத்திரம்" என்று கணவரிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஆனால் டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். அதனால் மண்ணே ஆகாது. "மண்ணுல இருக்கிற பூஞ்சை நெஞ்சுல போய் உக்காந்துட்டா அப்புறம் கிளப்ப முடியாதும்மா. தொட்டி, உரம், ஈரச் சருகு எதுவும் வீட்டுப்பக்கம் வரக்கூடாது."

ரோஜாத் தொட்டிகளை டிப்போவுக்குக் கொடுத்துவிட்டார்கள். தூக்கிப்போகிறபோது தூசி பறக்கும் என்று தையல்காரரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். எல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது, "பதிமூணு சத்தம்தான் கேட்டுச்சு. ஒண்ணு விட்டுப்போச்சு, கீழ்ப்படியில பாருங்க" என்றார். உண்மைதான், ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

துணித்தூசியும் ஆகாது என்பதால் தையலும் நின்றது. மெஷினை மூடிவிட்டு அதே அறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி எப்போதும் சாத்தியே இருக்கும். வேலையே கதி என்று கிடந்த மனுஷன் நாள் பூரா சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கண்டக்டரம்மா வேலை முடிந்து வந்து, இன்னைக்கு என்ன பண்ணினீங்க என்று கேட்டார்.

"எதிர்மாடியில டீச்சரோட பச்சைத் துண்டு காயுது. காலையிலேருந்து அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன்."

அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. கண்டக்டரம்மா பையைக் கீழே வைக்காமலே தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீடு ஒற்றை மாடி கூட இல்லாத தாழ்ந்த வீடு. அதன் மொட்டைமாடி தையல்காரரின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அந்த வீட்டில் கணக்கு டீச்சர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்றும் வகுப்பறைக் குரல் போகாதவர்.

"என் மாடியில செடியா? கூரை ஒழுகினா யாரு பொறுப்பு?"

"நான்தான் டீச்சர்."

"தண்ணி?"

"அதுவும் நான்தான்."

"செத்துப்போச்சுன்னா என் மேல பழி போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார் டீச்சர்.

செடிக்கடைக்காரர் ஆர்வமாகத்தான் விசாரித்தார். "என்ன மாதிரித் தோட்டம்மா? மூலிகைத் தோட்டமா, காய்கறியா, கள்ளித் தோட்டமா? இப்பல்லாம் தண்ணித் தொட்டியில அல்லி வளர்க்கிறதுதான் ரொம்பப் பேரு கேக்குறாங்க."

"தூரத்துலேருந்து பார்க்கிற தோட்டம். முப்பதடி இருக்கும். நடுவுல ஒரு கண்ணாடி."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு வகை கிடையாதேம்மா."

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரோஜா இவ்வளவு தூரத்துக்குப் புள்ளியாகத்தான் தெரியும் என்று தையல்காரரே ஒப்புக்கொண்டார். கள்ளி அசையாது, பார்க்க அலுத்துவிடும். மூலிகையை மோந்து பார்க்க முடியாது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய துண்டுத்துணி மூட்டையோடு மனைவியை எதிர்மாடிக்கு அனுப்பினார். அவர் ஒவ்வொரு துணியாக உயர்த்திக் காட்ட, இவர் ஜன்னலிலிருந்து போனில் சொன்னார்.

"சிவப்பு... வேணாம், சுவரோட ஒட்டிக்குது. ஊதாவா அது? கறுப்பு மாதிரி இருக்கு. வெள்ளை கண்ணைக் கூசுது. அந்த மஞ்சளைத் தூக்கு. இன்னும் மேல. ஆங், அதை அப்படியே வெச்சுக்கோ, கண்டக்டரம்மா!"

தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொடி காட்டி எந்த ரயிலை நிறுத்துகிறார் என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். பல மாதங்களுக்குப் பிறகு மாடியில் தையல்காரர் வாய்விட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

ஆக, மஞ்சள். உயரமாக வேண்டும், காற்றில் ஆட வேண்டும். சூரியகாந்தி என்று முடிவாயிற்று. பதினோரு பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி விதை போட்டார்கள். தினமும் வேலையிலிருந்து நேராக மாடிக்குப் போவார் கண்டக்டரம்மா. நெருக்கி முளைத்த கன்றுகளைப் பிரித்து நடும்போது, "தள்ளி நில்லுங்க, உள்ள எடம் இருக்குல்ல" என்று அதட்டுவதைக் கேட்டு டீச்சர்கூடச் சிரித்தாராம். வேலை முடிந்ததும் டீச்சர் வீட்டிலேயே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். ஒருநாளும் தவறியதில்லை. தையல்காரர் ஜன்னலிலிருந்து மேற்பார்வை பார்த்தார். "மூணாவது வாளி வாடுது", "ஏழாவதுக்குக் குச்சி கட்டு" என்று பஸ்ஸில் இருக்கும்போதே போன் வரும்.

இரண்டு மாதத்தில் பூத்தது. முதலில் ஒன்பது பூத்து, பிறகு மீதி இரண்டும் பூத்தபோதுதான் விஷயம் புரிந்தது. முற்றிய சூரியகாந்தி கிழக்கே பார்த்து நின்றுவிடும். ஜன்னலோ அவற்றுக்கு மேற்கே. பதினோரு பூவும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

கண்டக்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இவ்வளவும் பண்ணி..."

"அதுக்கென்ன, கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி மாதிரி இருக்கு, எனக்குப் பழக்கம்தான்" என்றார் தையல்காரர்.

மறுநாள் கண்டக்டரம்மா லீவு போட்டார். ஈர மண்ணோடு கனத்த வாளிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து, தண்டு ஒடியாமல், அரைவட்டம் திருப்பினார். ஆபரேஷன் செய்த பக்கம் வலித்தது. டீச்சர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசி வாளி திரும்பியதும் போன் செய்தார்.

"தெரியுதா?"

தையல்காரர் ஒவ்வொன்றாக எண்ணுவது போனில் கேட்டது. பிறகு, "பதினோரு பேரும் என்னையே பார்க்கிறாங்க. வெட்கமா இருக்கு" என்றார்.

ஒன்பது நாள் அவற்றைப் பார்த்தார். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. முதலில் இருமல், பிறகு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தார். பேச முடிந்த கடைசி நாளில், "விதை பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். அந்த நாட்களில் மாடிப்பக்கமே போகாத கண்டக்டரம்மா, "பிடிச்சிருச்சுங்க, நல்லா பிடிச்சிருக்கு" என்றார்.

அவர் போனபிறகு கண்டக்டரம்மா டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் கையில ஒட்டின மண்ணாலயா?"

"இல்லம்மா. இது வேற கிருமி, மண்ணுல இருக்கிறது இல்ல. கூட்டத்துல யார் மூச்சுலேருந்தும் வந்திருக்கலாம். உங்க மேல தப்பே இல்ல."

டாக்டர் ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் கூட்டம் என்றதும் இவர் மனம் நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டது. மண்ணைக் கழுவலாம், பஸ்ஸை எப்படிக் கழுவுவது என்று என்னிடம் ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார். "நான் குடுத்ததும் அவரோடவே போயிருச்சு. அதுகூடப் பரவால்ல. அங்கயாவது கூட இருக்கும்" என்று அவரே சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சூரியகாந்திகளை டீச்சர்தான் வெட்டி ஒதுக்கினார். வாளிகளில் கத்திரிச் செடி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, தாராளமா என்றார் கண்டக்டரம்மா.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வேலைநாளில் திரும்பி வரும்போது கண்டக்டரம்மா செடிக்கடை முன்னால் நின்றார். இனி வீட்டுக்குள் எந்தச் செடியும் வைக்கலாம், தடுக்க யாரும் இல்லை. ஜன்னலோரத்துக்கு ஒன்று வேண்டும் என்றார்.

"வெயில் எத்தனை மணிக்கு வரும்? எவ்வளவு நேரம் நிக்கும்? அதைப் பொறுத்துத்தான்மா குடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

கண்டக்டரம்மா யோசித்துப் பார்த்தார். வெளிச்சம் வருமுன்னே கிளம்பி மதியத்துக்கு மேல் திரும்புகிறவர் அவர். "எனக்குத் தெரியாதுங்க. அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

அடுத்த நாள் லீவு சொன்னார். காலையிலிருந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏழு பத்துக்கு உள்ளே வந்தது. தலையணையில் தொடங்கி, மெதுவாக நகர்ந்து, மெஷின் மூடிமேல் ஏறி, பத்தேகாலுக்குப் போய்விட்டது. நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். வெயில் போனபிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கடைக்குப் போய்க் காகிதத்தைக் காட்டினார். கடைக்காரர் பார்த்துவிட்டு இலை மட்டுமே விடும் ஒரு சின்னப் பெரணித் தொட்டியை எடுத்துக் கொடுத்தார். பூ வராதும்மா, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றார் கண்டக்டரம்மா.