நான்கு நாளுக்கு ஒரு கனமழை

கல்லூரியில் எனக்குக் கனமழையை முன்கணிக்கும் ஆராய்ச்சி. தானாக அளந்து போனுக்கு அனுப்பும் மழைமானியை ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துவிட்டு பெங்களூரு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

நான்கு நாளுக்கொரு முறை விடிகாலையில் கனமழை பதிவானது. இவ்வளவு ஒழுங்கான மேகத்தைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார் எனக்கு வழிகாட்டிய மேடம். அடுத்ததைக் கணிக்கச் சொன்னார். வியாழன் காலை ஆறு மணி என்று எழுதிக் கொடுத்தேன்.

வியாழன் ஆறு மணிக்கு அளவு ஏறியது. அம்மாவுக்குப் போன் போட்டு, மழை பலமா என்று கேட்டேன்.

“இன்னா மழ? கொழாயில தண்ணி விட்டுக்கிறாங்க. டேங்க் ரொம்பி உன் டப்பா மேல ஊத்துது.”

அந்த ஆராய்ச்சியில் நான் சொன்ன நேரத்துக்கு வந்தது அது ஒன்றுதான். மேடம் அதைச் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார்.