மின்சாரம் போய் வந்த பிறகு

வடக்கு ஜாம்பியாவில், கசாமா பக்கத்துச் சிறிய கல்லூரி ஒன்றில் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர் கசோண்டே. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகள்கள் தூரத்து ஊர்களில். வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான்.

தினமும் மின்சாரம் போகும். வந்ததும் சர்வர் தானாக எழுந்துகொள்ளும், நெட்வொர்க் எழாது. அதன் எண் முகவரியை ஒவ்வொரு முறையும் கசோண்டே கையால் தட்டச்சு செய்வார். ஒருமுறை சேமித்து வைத்துவிட்டால் பிறகு தானாக வந்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல.

நெட் போனால் கல்லூரியே அவர் அறைக் கதவைத் தட்டும். எவ்வளவு தலைபோகிற காரியமானாலும் அந்த ஊரில் நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. அவர் வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தவர்களும் கேட்பார்கள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, அண்ணே?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நெட்டு மறுபடியும் படுத்துடுச்சு. உங்க மந்திரத்தை ஓதுங்க!"

புதிதாக வந்த விரிவுரையாளர் நமுகோலோ மட்டும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதைச் சேமிச்சு வச்சா தினமும் இந்தக் கூத்து வேண்டாமே! கொஞ்சம் நகருங்கண்ணே."

கெட்டிக்காரி, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். வேண்டாமென்று சொல்ல அவரிடம் என்ன காரணம் இருந்தது?

மறுநாள் மின்சாரம் போனது, வந்தது. சர்வரோடு நெட்வொர்க்கும் எழுந்தது. வெளியே காலடிகள் கேட்டன; நிற்காமல் போயின. ஐந்து மணிவரை கசோண்டே கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார்:

"எல்லாரும் நல்லா இருக்காங்க."