எட்டாவது கிளை

எதை யோசித்தாலும் நடுவில் ஒரு வட்டம் போட்டால்தான் அந்தத் தையல்காரிக்கு மூளை ஓடும். வீடு மாற்றியபோதுகூட நடுவில் ‘வீடு’ என்று எழுதி, சுற்றிலும் கோடு இழுத்து ஒவ்வொரு சாமானையும் தொங்கவிட்டவள். தாளும் பேனாவும் கொடுத்தால் கை ஓடாது. வெட்டுமேசையில் துணியை விரித்துச் சாக்கட்டியைப் பிடிக்க வேண்டும். தெருவே அவளை ‘வட்டக்கா’ என்றுதான் கூப்பிடும்.

இருபது வருஷம் தைத்தவளுக்குத் தையல் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சட்டை தைப்பதை அரை மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஆசிரியை வேலை. எத்தனை நாள் ஆசை அது! கறுப்புத் துணியின் நடுவில் ‘சட்டை’ என்று எழுதினாள். சுற்றிலும் அளவு, காலர், கை, பொத்தான் என்று மனசில் தோன்றியதையெல்லாம் எழுத, எட்டுக் கிளைகள் ஆயின. வகுப்பில் அதை மாட்டி வைத்துக்கொண்டு பேசுவதாக ஏற்பாடு.

மறுநாள் கணவர் துணியை மடித்து நீட்டினார். அவளுடைய தையல் கடையில் இஸ்திரி போடுவது அவர் வேலை. பிரித்துப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ஆவி பட்டா சாக்கட்டி போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இல்லம்மா... கொஞ்சம் சுருக்கமா இருந்துச்சு...” என்று தலையைச் சொறிந்தார்.

அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வகுப்பில் இருபது பேர். கடைசி வரிசையில் தலைமையாசிரியை. வேறு வழியில்லாமல் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். முன்வரிசைப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, அவள் சட்டையின் காலரிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் கிளைகள் தானாக வந்தன. வகுப்பே கலகலத்தது. ஏழு கிளை ஆயிற்று. எட்டாவது மட்டும் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் வரவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

“திங்கட்கிழமை வந்துடுங்க” என்றார் தலைமையாசிரியை.

கடைக்குத் திரும்பும்போது காலைக் கோபம் பாதி வழியிலேயே காணாமல் போயிருந்தது. “வேலை கிடைச்சிடுச்சுங்க! ஆனா ஒரு கிளை மட்டும் மறந்தே போச்சு. என்ன எழுதியிருந்தேன்னு பார்த்தீங்களா?”

அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். “‘பயம்’னு எழுதியிருந்தே. அதை மட்டும் எடுத்துடலாம்னுதான் பெட்டியை வெச்சேன். ஆவி பரவி எல்லாமே போயிடுச்சு.”

“அட மனுஷா! கையால தட்டினாலே போயிருக்குமே!” என்று சிரிக்கும்போதே வட்டக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.