கச்சானுக்கு எதிரே இரண்டாம் கியர்

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற ஆண்டில் நான் ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கல்வித் திணைக்களத்தில் பொறுப்பான பதவி வகித்து ஓய்வுபெற்றவன் நான். செட்டிபாளையத்துச் சந்தியில் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களே செருப்பையும் கல்லையும் வைத்து இடம்பிடித்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, பெற்றோல் செற்றின் முன்னால் வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு நின்ற காலம் அது. அவர்கள் நடுவே நான் போய் நின்றிருந்தால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

என்னிடம் இருந்தது நூறு சிசி கொண்ட சிறியதொரு மோட்டார் சைக்கிள். அதன் உச்ச வேகம் எவ்வளவு என்று நான் அறிய முயன்றதில்லை. எண்பதுக்கு மேலே போகும் என்று என் மருமகன் சொல்வான். என் கையில் வேகமானியின் முள் ஐம்பதைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. வாரத்துக்கு அளந்து கொடுத்த பெற்றோலை எனக்காக வாங்கி வந்து ஊற்றியவர் என் மைத்துனர். மனைவியின் தம்பியான அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். வெயிலில் நின்று அவர் கறுத்துப்போய் வரும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கோ அதைவிடப் பெரிய கவலை, ஊற்றிய பெற்றோல் எங்கே போகிறது என்பது.

ஒரு நாள் அவர் கராஜ்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்பானர் சாவிகளோடு வந்து என் முற்றத்தில் அமர்ந்தார். "மச்சான், உங்கட வாகனத்துக்கு ஓட்டம் தேவையில்ல. நடைதான் தேவை" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

காபரேட்டரில் இருந்த ஜெட்டைக் கழற்றி, அதைவிடச் சிறிய துளையுள்ள ஒன்றைப் போட்டார். பின் பல்சக்கரத்தை மாற்றிச் சிறியதாக்கினார். இஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் சில்லு அதிகம் சுற்றும் என்று விளக்கினார். பாரம் குறைய வேண்டுமென்று முன்புற இரும்புக் காவலைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்தார். கடைசியில் எக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திருக முடியாதபடி கேபிளில் ஒரு தடை வைத்தார். அந்தத் தடை வேண்டுமென்று கேட்டவன் நான்தான். மருமகன் அவ்வப்போது வண்டியை வாங்கிப்போய் வயல்வட்டை வழியெல்லாம் பறந்துவிட்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

பலன் கிடைத்தது. ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை மைத்துனர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் நம்பவில்லை. நான் நாற்பதில், நிமிர்ந்த முதுகோடு, நெடுஞ்சாலையின் இடது ஓரமாகப் போய்வந்தேன். வாவிக்குக் கிழக்கே உள்ள எங்கள் எழுவான்கரை மேசைபோல மட்டமான நிலம். மேடு என்று எதுவும் கிடையாது. அதனால் வண்டியிலே எந்தக் குறையும் எனக்குத் தெரியவரவில்லை.

மருமகன் மட்டும் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "மாமா, இது இப்ப மோட்டசைக்கிள் இல்ல. பெற்றோல் போத்தில முன்னால காட்டினா பின்னால நடந்து வாற ஆடு" என்றான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தமக்கையின் மகன். திருமண வயது கடந்துகொண்டிருந்தவன், கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்று வைத்திருந்தான். எங்கள் பகுதியில் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. ஆகையால் குடித் தலைமைக்கு எனக்குப் பின் உரியவன் என் மகன் அல்லன், இவன். இவனுடைய மோட்டார் சைக்கிளும் சிறியதுதான், ஆனால் அதில் எந்தப் பாகமும் வாங்கியபோது இருந்தபடி இல்லை. சைலன்சரின் உள்ளே இருந்ததையெல்லாம் உருவி எடுத்திருந்தான். காற்று வடிகட்டியைக் கழற்றியிருந்தான். ஹாண்டிலைத் தாழ்த்தி, பின் இருக்கையை வெட்டி, பின்னால் இருப்பவர் கால்வைக்கும் மிதிகளையும் அகற்றியிருந்தான். நூற்றுப்பத்து ஓடுமாம். எங்கே ஓடப்போகிறாய் என்று கேட்டால் சிரிப்பான்.

அந்த ஆண்டும் ஆடி மாதத்தில் திருவிழா வந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் அந்தக் கோயிலில் எங்கள் குடிக்கு உரிமை உண்டு. நிறைவு நாளில் நண்பகற் பூசை முடிந்ததும் ஒவ்வொரு குடியின் பெயரையும் வரிசைப்படி கூப்பிட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டைக் கொடுப்பார்கள். காளாஞ்சி என்பது அதன் பெயர். குடிக்குத் தலைவனாக உள்ளவன் இடுப்பில் சால்வை கட்டி, நேரில் நின்று இரு கையாலும் வாங்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் தட்டு அடுத்த குடிக்குப் போகும். அப்படிப் போனது திரும்பி வர ஒரு தலைமுறை வழக்காட வேண்டியிருக்கும். குடிக்குள்ளேயே இன்னொருவன் தலைவனுக்குப் பதிலாக வாங்கினால், மறு ஆண்டு அந்தப் பெயருக்கு அவன் முகத்தைத்தான் தேடுவார்கள். என் தாய்மாமனிடமிருந்து எனக்கு வந்த நாள்முதல் அதை நான் ஒரு முறையும் தவறவிட்டதில்லை.

முதல்நாள் வேறொரு குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தங்கள் வேனில் எனக்கு இடமிருப்பதாகச் சொல்லியனுப்பினார். நல்ல மனிதர். ஆனால் அவர்களுடைய வேனில் போனால் கோயில் வாசலில் அவர்களுக்குப் பின்னால் இறங்க வேண்டி வரும். கூப்பிடும் வரிசையில் அவர்கள் எங்களுக்குக் கீழே. வேண்டாம் என்று நன்றியோடு மறுத்துவிட்டேன். டாங்கில் பெற்றோல் நிரம்ப இருந்தது. வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டேன்.

நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போகும்வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மண்முனைப் பாலத்தை நோக்கி மேற்கே திரும்பியதும் கச்சான் காற்று நெஞ்சில் அடித்தது. ஆடியில் மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். ஆனால் பல்சக்கரம் மாற்றிய பின் அந்தக் காற்றுக்கு எதிரே நான் வண்டி ஓட்டியதில்லை. வாவியின் நடுவே போகும் தெருவில் ஒதுங்க ஒரு மரமும் கிடையாது. நான்காம் கியரில் வண்டி திணறியது. மூன்றுக்கு இறக்கினேன். பாலம் ஏறத் தொடங்கியதும் இரண்டுக்கு இறக்கினேன். எக்சிலேட்டரைத் திருகினால் பாதியில் தடுத்தது. முள் இருபதில் நின்று நடுங்கியது.

விறகு கட்டிய சைக்கிளோடு ஒருவர் எழுந்து நின்று மிதித்து என்னைக் கடந்து போனார். கடக்கும்போது மரியாதையாகத் தலையைக் குனிந்தார். பாலத்தின் ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "ஐயா, இறங்கி உருட்டினா இதவிடச் சுறுக்காப் போகலாம்" என்றார். கேலியாக அவர் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவ நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அப்போது காற்றோடு ஒலிபெருக்கியின் குரல் வந்தது. பூசை முடிந்திருந்தது. எங்களுக்கு முன் உள்ள குடியின் பெயரைக் கூப்பிட ஆயத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த வண்டியைக்கொண்டு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பெற்றோல் இருந்தது. தெரு இருந்தது. வேகம் மட்டும் இல்லை.

பின்னாலிருந்து அந்தச் சைலன்சரின் சத்தம் கேட்டது. மருமகனும் வேட்டியைத் தொடைவரை மடித்துக்கட்டிக்கொண்டு கோயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். என் அருகே வந்து வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு மேலாகக் கத்தினான்.

"மாமா, கூப்பிடப் போறாங்க. ஹாண்டில நேராப் பிடிங்க. நான் தள்ளுறன்."

அவனுடைய வண்டியில் என்னை ஏற்றிக்கொள்ள இருக்கை கிடையாது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் தன் இடது காலை நீட்டி என் வண்டியின் பின் மிதியில் ஊன்றிவிட்டான். நின்றுபோன வண்டிகளைத் தெருவில் பெடியன்கள் அப்படித் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். முள் நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏறியது. நான் ஓட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தோளில் கிடந்த சால்வை காற்றில் எழும்பி வாயில் அடித்தது. என் வேகத்தை இன்னொருவன் கால் தீர்மானித்துக்கொண்டிருந்தது. மெதுவாக என்று சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

பாலம் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் அவனுடைய வண்டி இருமியது. இரண்டு முறை இழுத்துவிட்டு அடங்கியது. அவன் இறங்கி டாங்கைக் குலுக்கிப் பார்த்தான். சத்தமே வரவில்லை.

"முடிஞ்சிது மாமா. ரெண்டு பேரையும் இழுத்ததுல குடிச்சிற்று."

ஒலிபெருக்கியில் முந்திய குடியின் பெயர் கேட்டது. அடுத்தது நாங்கள். அங்கே நின்றது இரண்டு வண்டிகள். ஒன்றில் பெற்றோல் இருந்து வேகம் இல்லை. மற்றதில் வேகம் இருந்து பெற்றோல் இல்லை. அவனுடைய வண்டியை நான் ஓட்ட முடியாது. அந்தத் தாழ்ந்த ஹாண்டிலைப் பிடிக்க குப்புறப் படுக்க வேண்டும். என் முதுகு அதற்கு இசையாது. அவன் என்னைக் கேட்காமலே பற்றைக்குள் கிடந்த சோடாப் போத்தல் ஒன்றை எடுத்துவந்து, என் டாங்கின் அடியில் இருந்த குழாயைக் கழற்றிப் பிடித்தான். பெற்றோல் இறங்கும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தன் டாங்கில் ஊற்றிவிட்டு அவன் நின்றான். போகவில்லை. எதற்காக நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவனாகக் கேட்கவும் மாட்டான்.

"மாமா, நீங்க சொன்னா மட்டும்தான்" என்றான்.

தட்டு அடுத்த குடிக்குப் போக விடுவதா, அவன் கைக்குப் போக விடுவதா என்பதைத் தவிர எனக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. மறுபடி என்னைத் தள்ளிக்கொண்டு போகவும் யோசிக்கவும் நேரம் இல்லை. சால்வையை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் அதை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு, வண்டியை உதைத்து, அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனான். நூற்றுப்பத்து ஓடும் என்று அவன் சொன்னதை நான் அதுவரை நம்பியதில்லை.

நான் இரண்டாம் கியரில் தொடர்ந்தேன். வயல்களுக்கு மேலாக எங்கள் குடிப்பெயர் கேட்டது. பின்பு ஒரு இடைவெளி. மறுபடியும் கேட்டது. எனக்கு அந்தப் பெயரை என் வாழ்நாளில் வெளியே நின்று கேட்டு வழக்கமில்லை. கேட்ட கணமே முன்னால் அடியெடுத்து வைத்துத்தான் பழக்கம். மூன்றாவது முறை பாதியில் நின்றது. தொடர்ந்து மேளம் ஒலித்தது. யாரோ வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நான் வாசலில் வண்டியை நிறுத்தியபோது இஞ்சின் சூட்டில் மணத்தது. கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. வேனில் வரச் சொன்ன பெரியவர் என்னைக் கண்டு, ஒன்றும் கேட்காமல், தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். மருமகன் தூசி படிந்த உடம்போடு தட்டை ஏந்தியபடி என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க, அதை என் முன்னால் நீட்டினான். அவனுடைய எண்ணம் நல்லது. ஆனால் கோயில் கொடுக்காமல் மருமகன் கொடுக்கும் காளாஞ்சியை நான் எப்படி வாங்குவது? வாங்காமல் விட்டால் அது அவனுடையது. கையை நீட்டவும் முடியவில்லை, பின்னால் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் அருகே வந்தார். என்னிலும் இளையவர், எப்போதும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அன்றும் அப்படியே பேசினார்.

"நீங்க இந்தக் காத்துக்குள்ள பாலம் கடந்து வந்து மினக்கெட வேணாம் ஐயா. மருமகன் நல்ல வடிவா நிண்டு வாங்கினார். மறுவருசமும் அவரே வரட்டும். நீங்க சொன்னதாச் சொல்லிடுறன்."

சுற்றி நின்றவர்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அதில் ஒருவரும் எனக்கு எதிரி இல்லை. எதிரியாக இருந்திருந்தால் சொல்வதற்கு என்னிடம் வார்த்தைகள் இருந்திருக்கும்.

"ஓம்" என்றேன்.

மருமகன் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் இடுப்பில் இருந்த சால்வையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

"கிடக்கட்டும் மனே" என்றேன்.