ஒரு கோட்டுக்கு எவ்வளவு மூச்சு

போர்டு அக்காவுக்குப் பாட வராது. இதை அவளே முதலில் சொல்லிவிடுவாள். கடைப் பெயர்ப்பலகைகள், பள்ளிக்கூடச் சுவர்கள், லாரிகளின் முதுகு என்று எழுதிப் பிழைப்பவள். சின்ன வயதில் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, நீ வாயை மட்டும் அசை என்று டீச்சர் சொல்லிவிட்டார். முப்பது வருடமாக அந்த உத்தரவை அவள் மீறியதில்லை.

அந்த மழலையர் பள்ளிக்கு அவள் போனது சுவரில் யானை வரைய. யானைக்கு ஒரு காது பாக்கி இருந்தபோது பாட்டு மிஸ் வேலையை விட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியையான பெரிய மிஸ் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"அக்கா, தினம் ஒரு அரை மணி நேரம் இந்தப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறீங்களா? வேற ஆள் வர்ற வரைக்கும்."

"எனக்குப் பாட வராதுங்க."

"பாடவே வேணாம். அடிச்சுக்காம பார்த்துக்கிட்டா போதும்."

பதினெட்டுப் பேர். நான்கு வயது, ஐந்து வயது. அவள் பழைய காலண்டர்த் தாள்களைத் திருப்பித் தரையில் ஒட்டினாள். கிண்ணங்களில் வண்ணம் கரைத்தாள். ஆளுக்கொரு பிரஷ் கொடுத்தாள்.

"இந்த ஓரத்துல வச்சு, அந்த ஓரம் வரைக்கும் இழுங்க பார்க்கலாம்."

பாட்டு வகுப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பழைய மிஸ் "இழுங்க" என்றால் கடைசி எழுத்தை மூச்சு தீரும் வரை நீட்ட வேண்டும். முன்பல் உடைந்த ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பே அவளைப் பொக்கை என்றுதான் கூப்பிடும். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். பொக்கை பிரஷைத் தாளில் வைத்தாள், கூடவே வாயையும் திறந்தாள். "ஆ" என்று குரல் கிளம்பியது. பிரஷ் போகப் போகக் குரலும் போயிற்று. தாள் முடிந்த இடத்தில் இரண்டும் நின்றன.

"எதுக்குடி கத்துறே?"

"நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க."

போர்டு அக்கா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். நீளக் கோடு இழுக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு விட்டால் கை ஆடும் என்பது தொழிலில் படித்த பாடம். இந்தப் பெண் மூச்சை விட்டுக்கொண்டே இழுத்திருக்கிறது, கோடு ஆடவில்லை.

வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவளும் ஒரு கோடு இழுத்தாள், குரலோடு. தகரத்தில் ஆணியால் கீறியது போல இருந்தது. கோடு நேராக வந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் கோடு அவரவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அடுத்த வாரங்களில் வகுப்பு தானாக வளர்ந்தது. புள்ளிக்கு "டொப்". தட்டைப் பிரஷுக்குக் கனத்த குரல், ஊசிப் பிரஷுக்குக் கீச்சுக் குரல். தண்ணீர் அதிகமாகிப் படர்ந்த கறைக்கு என்ன குரல் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில், குரலே வேண்டாம், காற்று மட்டும் விடலாம் என்று முடிவாயிற்று. காய்ந்த தாளைச் சுவரில் மாட்டி ஒருவர் குச்சியால் காட்டிக்கொண்டே போக, மற்றவர்கள் பாடினார்கள். அதையே தலைகீழாக மாட்டினால் இன்னொரு பாட்டு.

வீட்டில் கணவன், பஸ் மெக்கானிக், அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன, மூக்கெல்லாம் நீலம்?"

"பாட்டு கிளாஸ்."

"யாரு, நீயா? அந்தப் பிள்ளைங்க உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"நான் எங்க பாடுறேன்? கோடு பாடுது."

"கோடு பாடுதாம்! இரு, நாளைக்கு நான் ஸ்பேனரைப் பேச வைக்கிறேன்."

சொன்னானே தவிர, சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகிதத்தில் கோணல்மாணலாகக் கிறுக்கி நீட்டினான். "இது எப்படிப் போகும்?"

அவள் பாடினாள். வீட்டில் அதுதான் முதல் தடவை. அவன் உன்னிப்பாகக் கேட்டுவிட்டுக் காகிதத்தைத் தட்டினான். "இங்க ஒரு வளைவை விட்டுட்டே."

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு அப்பா நேராகவே வந்தார். "விருந்தாளி முன்னாடி ஒரு பாட்டுப் பாடுடான்னு சொன்னா, செவுத்து விரிசலைப் பார்த்து ஊளையிடுறான் மிஸ் எம் பையன்!" புகார் பள்ளியின் செயலாளர் வரை போயிற்று.

"வெள்ளிக்கிழமை அவரே வர்றார்" என்றார் பெரிய மிஸ். "உருப்படியா ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்துடுங்க அக்கா. இல்லேன்னா இந்த அரை மணி நேரம் கணக்கு கிளாஸுக்குப் போயிடும். நான் சொன்னாலும் எடுபடாது."

யானைக்கு இரண்டாவது காது முளைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்த வகுப்பும் போனால், அந்தக் கதவுக்குள் நுழைய அவளுக்கு வேறு காரணம் கிடையாது. வியாழக்கிழமை ஒரு பாட்டைத் தொடங்கினாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் மாதிரி பாடினார்கள். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டுப் பிரஷ் டப்பாவை எடுத்தாள். வருவது வரட்டும்.

செயலாளர் உயரமானவர், வெள்ளைச் சட்டை. குழந்தைகளின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது முழங்கால் மோவாயைத் தொட்டது. பிள்ளைகள் சுவரில் இருந்த தாளைப் பாடி முடித்தார்கள்.

"மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க" என்றார்.

"இல்லைங்க. பார்த்துப் படிக்கிறாங்க."

"எழுத்தே தெரியாத பிள்ளைங்க எதைம்மா படிக்கும்?"

"அப்ப நீங்களே ஒண்ணு இழுங்க."

பெரிய மிஸ் தொண்டையைச் செருமினார். செயலாளர் எழுந்து, இருப்பதிலேயே பெரிய பிரஷைப் பிடி வரைக்கும் வண்ணத்தில் முக்கினார். சுவரில் மாட்டியிருந்த ஒரு புதுத் தாளில் கீழிருந்து மேலே சரிவாக இழுத்தார். பதினெட்டுக் குரலும் ஏறின. நிறுத்தினார்; நின்றன. வெடுக்கென்று ஒரு வெட்டு, அதுவும் வந்தது. ஏமாற்றிப் பார்க்க நினைத்துப் பிரஷைக் காற்றில் வீசினார். ஒரு சத்தமும் இல்லை.

"தாளைத் தொடவே இல்லையே மாமா" என்றாள் பொக்கை.

அவர் பிரஷை வைத்துவிட்டு ஏதோ சொல்லத் திரும்பினார். அவர் முடித்துவிட்டார், தாள் முடிக்கவில்லை. கோட்டின் நுனியில் தேங்கிய வண்ணம் உருண்டு, ஒரு சொட்டாகி, கீழே வழியத் தொடங்கியது. பொக்கை அதைப் பார்த்தாள். குரல் கிளம்பியது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சொட்டு மெதுவாக இறங்கியது, குரலும் இறங்கியது. தாளின் மடிப்பில் சொட்டு தயங்கியபோது குரல் அங்கேயே நின்று அதிர்ந்தது. மறுபடி நகர்ந்தது. மூச்சு முட்டியவர்கள் மூச்சு வாங்கிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். அதுவரை மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. சொட்டு தாளைத் தாண்டிச் சுவருக்கு வந்தது. அடிக்குரலுக்குப் பிள்ளைகளால் இறங்க முடியாத இடத்தில் ஒரு தகரக் குரல் தாங்கிக்கொண்டது. அது தன்னுடையது என்று போர்டு அக்காவுக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. நிறுத்தவில்லை.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சொட்டு நின்றது. குரல்களும் நின்றன. செயலாளர் குனிந்து, அது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்த்தார்.

நிமிர்ந்தபோது அவர் மூச்சு வாங்கினார்.

"சுவர் பாழாயிடுச்சே" என்றார்.

"அது என் தொழில்தாங்க. வெள்ளையடிச்சிடலாம்."

"வேணாம். இருக்கட்டும்."

பெரிய மிஸ் டைம்டேபிள் நோட்டைத் திறந்தார். "என்னன்னு போடட்டும் சார்? பாட்டா, டிராயிங்கா?"

"ரெண்டும் போடுங்க."

"ரெண்டும்னா ரெண்டு அரை மணி நேரம் ஆகுதே சார்" என்றாள் போர்டு அக்கா.

செயலாளர் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கணக்கு கிளாஸையும் உங்ககிட்டயே கொடுத்திருக்கணும். போடுங்க மிஸ், முழுசா ஒரு மணி நேரம். வேற ஆளைத் தேட வேணாம்."

பெரிய மிஸ் எழுதினார், பென்சிலால் அல்ல, பேனாவால். அதற்குள் பிரஷ் மறுபடி செயலாளர் கைக்கு வந்திருந்தது.

"இன்னொரு சொட்டு விடுங்க மாமா. இந்தத் தடவை ரெண்டு."

அவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார்.